கண்ணாடிப் பெட்டியில் கலங்கிய தண்ணீர்

என் அன்பு மச்சான் சாமித்தம்பி,

உனக்கு எழுத வேண்டியதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. பத்திரிகை எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்பது இத்தனை வருஷம் நிருபராக இருந்த எனக்கே சரியாகத் தெரியாது. ஒருவேளை உன்னிடமும் வரலாம். ஊரார் கூடவே வாசித்தால் வாசிக்கட்டும், இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நீ காலமான செய்தியை நாலு வரியில் அனுப்பினேன். பெயர், வயது, சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகம், காய்ச்சல். அச்சாகி வந்ததும் உன் அக்கா வாசித்தாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். செய்தி என்றால் அவ்வளவுதான் என்றேன். நான் சொன்னதும் பிழையில்லை, அவள் கேட்டதும் பிழையில்லை. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

நீ போய்ப் பத்தாம் நாள், காத்தான்குடித் தகரவேலைக்காரர் நீ செய்யச் சொல்லியிருந்த கண்ணாடிப் பெட்டியைத் தோணியில் அனுப்பிவைத்தார். ஒன்றரை முழ நீளம், முக்கால் முழ உயரம், ஒரு சாண் அகலம். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் ஜன்னல் கண்ணாடி, அடியில் தகரம். வைக்கோலுக்குள் பொதிந்து பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தோணிக்காரர் தூக்கிவந்தார். இறக்கி வைத்துவிட்டு, "சனிட்டறி ஐயா எங்க?" என்றார். அவருக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. உன் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான்தான் சொன்னேன்.

அந்தப் பெட்டி எதற்கென்று வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மாரி முடிந்தால் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். கிணறுகளில் சின்ன மீன் விட்டால் அவை நுளம்பின், அதாவது கொசுவின், புழுவைத் தின்றுவிடும் என்று நீ இரண்டு வருஷம் சைக்கிளில் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தாய். போன விதைப்புக் கூட்டத்தில், ஊரில் அதிக வயல் உடைய பெரிய போடியார் எழுந்து, "நாங்க குடிக்கிற தண்ணிக்குள்ள மீனுக்குக் கக்கூசு கட்டப் போறாராம் நுளம்புத்துரை" என்றார். வயற்காரர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு கேட்டாய்: "போடியார், மீனோட தெளிஞ்சு நிக்கிற தண்ணிய உங்கட கண்ணுக்கு முன்னால காட்டினா விடுவீங்களா?"

"காட்டு. மறுகா பாப்பம்" என்றார் அவர். மறுகா என்றால் பிறகு. எங்கள் பக்கத்தில் அது ஒரு வாக்குறுதியும் ஆகலாம், தட்டிக்கழிப்பும் ஆகலாம். நீ வாக்குறுதி என்றே எடுத்துக்கொண்டாய்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், முதல்ல நம்மட கிணத்தில விடுவமா?" என்றாய். நான் சொன்னேன்: "நான் நிருபர். இதில ஒரு பக்கம் சாஞ்சா நாளைக்கு இதப்பத்தி எப்படி எழுதுவன்? ஊர் முடிவெடுக்கட்டும்." நீ செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய்.

உன்னைக் கடித்த நுளம்பு எந்தக் கிணற்றில் பிறந்தது? ஆயிரம் விசாரணை செய்தவன் நான். இதை யாரிடம் போய் விசாரிப்பேன்?

அதனால்தான் வைக்கோலைப் பிரித்தபோதே முடிவெடுத்தேன். நீ காட்டுகிறேன் என்றதை நான் காட்டுவேன். விதைப்புக் கூட்டத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

மணலை அலசிப் போட்டேன். நம் கிணற்றுத் தண்ணீர் மூன்று குடமும் ஒரு செம்பும் பிடித்தது. கிணற்றடிப் பானையில் நீ வளர்த்த பன்னிரண்டு மீன்களையும் மாற்றினேன். தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்ன வாய்க்கால் மீன். அவை துள்ளி வெளியே விழும் என்று நீ சொல்லியிருந்தாய், மேலே வலைத்துண்டு கட்டினேன். தெளிவை அளக்க எனக்கு வேறு கருவி தெரியாது. பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் பத்திரிகைத் தாளை ஒட்டிவைத்து, முன்பக்கமிருந்து வாசித்துப் பார்த்தேன். முதல் நாள் தண்ணீருக்கு ஊடாகப் பொடி எழுத்து விளம்பரம்கூட வாசிக்க முடிந்தது.

மூன்றாம் நாள் தலைப்புகள் மட்டும் தெரிந்தன. ஐந்தாம் நாள் பத்திரிகையின் பெயரே பாலுக்குள் விழுந்த எறும்புபோல் கிடந்தது.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன், மச்சான். தண்ணீரை முழுதாக இறைத்துவிட்டு மாற்றினேன். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மணலைச் சுடுதண்ணீரில் அலசினேன். மாற்றிய நாள் தெளிவாக இருக்கும், அடுத்த நாள் காலையில் பால். பிறகு தேற்றாங்கொட்டையை உரசி ஊற்றினேன். வெள்ளக் காலத்துச் சேற்றுத் தண்ணீரை ஒரு பொழுதில் தெளியவைக்கிற கொட்டை அது. இந்தக் கலங்கலை அது கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு மீன் செத்து மிதந்தன. இது சேறு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சேறு என்றால் அடியில் இறங்கியிருக்கும். இது வளர்ந்தது.

ஒன்பதாம் நாள் பெரிய போடியார் துக்கம் விசாரிக்க வந்தார். உன் அக்காவிடம் பேசினார், வெற்றிலை போட்டார். போகிறபோது பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"பேப்பர்காரரே, இது தண்ணியா, கழுநீரா?"

"புதுசு, போடியார். தெளியும்."

"மாட்டுக்கு வைங்க, குடிக்கும்." கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். படலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொடியன் நல்லவன்தான். ஆனா மீன் விட்ட தண்ணி இப்படித்தான் இருக்குமெண்டு நான் அண்டைக்கே சொன்னன்."

அன்று மாலை பெட்டி இல்லை என்றிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். பெட்டி இல்லாவிட்டால் நீ சொன்னது சந்தேகமாக மட்டுமாவது இருந்திருக்கும். இப்போது நானே உனக்கு எதிராகச் சாட்சி தயாரித்து விறாந்தையில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் சந்தைச் செய்தி ஒன்றுக்காக ஏறாவூர் போனேன். வெயிலுக்குப் பள்ளிவாசல் மதிலோரம் ஒதுங்கினேன். உள்ளே ஹவுளு தெரிந்தது. தொழப் போகிறவர்கள் கைகால் கழுவும் தொட்டி அது. தண்ணீர் அடிக்கல் தெரியத் தெளிந்து கிடந்தது. அதற்குள் மீன் ஓடியது. தலையில் வெள்ளிப் பொட்டு.

பாங்கு சொல்லும் மோதினார் ஆதம்பாவா என் வயதுக்காரர், பழக்கமானவர். வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தத் தண்ணிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்துறீங்க?"

"மாத்துறயா? குறைஞ்சா ஊத்துற. அவ்வளவுதான்."

"மீனுக்கு என்ன போடுறீங்க?"

"ஒண்டும் போடுறல்ல. நுளம்பு வந்து முட்டையிடுது, அது தின்னுது. அதுகள்ட வியாபாரம் அது. நமக்கென்ன?"

"கட்டின புதுசிலயும் இப்படித்தான் தெளிஞ்சு இருந்ததா?"

மோதினார் தலையில் கைவைத்துச் சிரித்தார். "அத ஏன் கேக்கீங்க! சாந்து பூசிப் புதுத்தண்ணி விட்டு மூணாம் நாள் ஒரே பால். மோதினார் ஹவுளுக்குள்ள எருமை கறந்திரிக்காரெண்டு ஊரெல்லாம் கதை. நானும் இறைக்கிற, கழுவுற, நிரப்புற. இறைக்கிற, கழுவுற, நிரப்புற. இடுப்புப் போச்சி. எழும்ப ஏலாமப் பாயில படுத்துட்டன். நான் படுத்த ரெண்டு கிழமைக்குள்ள தண்ணி தன்ட பாட்டுல தெளிஞ்சி. ஊர்ச்சனம் என்ன சொல்லிச்சி தெரியுமா? மோதினார் படுத்தாத்தான் ஹவுளு தெளியுமெண்டு!"

நான் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்க சோறு கீறு போடுறீங்களா?"

"நான் ஒண்டும் போடல்ல."

"அப்ப ஆரோ போடுறாங்க. இவ்வளவு கெதியாப் பால் வாறதெண்டா அடியில என்னமோ ஊறிக் கெடக்கு. போய்ப் பாருங்க." ஹவுளுக்குள் கைவிட்டுப் பாசி பிடித்த ஒரு சின்னக் கல்லை எடுத்து, வாழைத்தடலில் சுற்றித் தந்தார். "பழைய தண்ணிட கல். புதுத்தண்ணிக்குள்ள கெடக்கட்டும். கழுவிடாதீங்க, என்ன? உங்களுக்குக் கழுவுற வருத்தம் இரிக்கி." வருத்தம் என்றால் எங்கள் பக்கத்தில் நோய்.

வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் கைவிட்டு மணலைக் கிளறினேன். காலையில்தான் புதுத்தண்ணீர் மாற்றியிருந்தேன். அதற்குள் பிட்டு, தேங்காய்ப்பூ, சோற்றுப் பருக்கை, பணியாரத் துண்டு, ஊறி வெளுத்துக் கிடந்தன. இத்தனை நாளும் கலங்கிய தண்ணீரோடு சேர்த்துக் கொட்டியதால் அவை என் கண்ணில் படவில்லை. நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்.

உன் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். விசாரணைக் குரலில்தான் கேட்டேன், வெட்கமாக இருக்கிறது.

"ஓம், நான்தான் போட்டன்" என்றாள். "காலையில ஒரு கிள்ளுப் பிட்டு. அவனுக்குத் தேங்காய்ப்பூ கூடப் போட்ட பிட்டுத்தானே விருப்பம்."

அவள் மட்டும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும். நம் வீடுகளில் போனவருக்கு விருப்பமானதைப் படைத்துக் காகத்துக்கு வைப்பார்கள். உன் மீனும் உன் பெட்டியும் கண்ணுக்கு முன்னால் இருக்கையில் காகம் எதற்கு? உன் மாமி பனங்காய்ப் பணியாரம் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி பால்சோறு. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஆளுக்கு ஒரு கிள்ளு. ஊர் முழுக்க உனக்குச் சோறு ஊட்டியிருக்கிறது, மச்சான். அதுதான் பாலாக நின்றது.

"இனி ஒண்டும் போடக்கூடாது, பூமணி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "காய்ச்சலில கடைசி ஆறு நாளும் அவன் ஒரு வாய் தின்னல்ல. நான் கோப்பையோட பக்கத்தில இருந்தன். இப்ப இந்த மீனையும் பட்டினி போடச் சொல்லுறீங்களா?"

நான் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு சிரட்டையோடு வந்தாள். கிணற்றடிக் குழியில் அள்ளிய தண்ணீர். அதற்குள் நுளம்புப் புழுக்கள் நெளிந்தன. "இதத் தின்னுமா?" என்று கேட்டாள். ஊற்றினாள். பத்து மீனும் பாய்ந்து வந்து, எண்ணி முடிப்பதற்குள் ஒன்று விடாமல் விழுங்கின. அவள் வெறும் சிரட்டையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "இதத்தானே அவன் இவ்வளவு நாளும் சொன்னவன்" என்றாள். நீ சொன்னதை அவளும் அன்றைக்குத்தான் முதல்முதல் கண்ணால் கண்டாள். நானும்தான்.

ஊறல் எல்லாவற்றையும் கரண்டியால் வழித்து எடுத்தேன். மோதினாரின் கல்லை உள்ளே வைத்தேன். அதன் பிறகு செய்ததுதான் கடினமான வேலை: ஒன்றும் செய்யாமல் இருந்தது. தண்ணீர் வற்றினால் அரைச் செம்பு ஊற்றினேன். மற்றபடி கையை மடியில் வைத்துக்கொண்டேன். பதினான்காம் நாள்கூடப் பால்தான். இன்னொரு மீன் செத்தது. ஒருமுறை வாளியை எடுத்துக்கொண்டு பெட்டிவரை போய்விட்டேன். உன் அக்கா வாளியை வாங்கி அப்பால் வைத்தாள். "உங்களுக்குக் கழுவுற வருத்தமெண்டு ஏறாவூரார் சொன்னவரெல்லா?" என்றாள்.

பதினாறாம் நாள் பத்திரிகையின் பெயர் தெரிந்தது. அடுத்த நாளும் அவ்வளவுதான். பத்தொன்பதாம் நாள் தலைப்புகள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து உன் முப்பத்தோராம் நாள். வீடு நிறையச் சனம், படையல், பணியாரம். எனக்குப் பயமாக இருந்தது. பூமணி ஒரு முக்காலியைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மாமி சீலைத்தலைப்பில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு துண்டுதான் கா. அவனுக்கு விருப்பம்."

"மாமி, அவனுக்கு விருப்பம் என்னண்டு நான் சொல்லட்டா? உங்கட மாட்டுத்தொட்டிக்குள்ள நெளியுதே, அது. குடுக்கிறதெண்டா அத அள்ளிக்கொண்டு வாங்க."

"எங்கட தொட்டிக்குள்ள ஒண்டும் இல்ல!"

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மாமி கோபித்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் சிரட்டையோடு வந்தாள். முகம் சிறுத்திருந்தது. "இவ்வளவும் எங்கட வளவுக்குள்ளயா கிடந்த?" என்றாள். வந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் உடைந்த பானை, பூவரசங் கொப்படிக் குழி, தோணிக்குள் தேங்கிய தண்ணீர் என்று ஏழெட்டுச் சிரட்டை வந்தது. உன் படையலுக்கு வந்ததுபோல் ஒரு வரிசை வேறு யாருக்கும் வந்ததில்லை, மச்சான். இரண்டு வருஷம் நீ சைக்கிளில் திரிந்து சொல்லியும் ஒருவரும் குனிந்து பார்க்காத தொட்டிகள் அவை.

விதைப்புக் கூட்டம், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானையார் வளவில். வயல் காவல், வாய்க்கால் வெட்டு எல்லாம் பேசி முடிந்தபின் நான் எழுந்தேன். குறிப்புப் புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். போன கூட்டத்தில் சாமித்தம்பி கேட்டதற்குப் போடியார் "காட்டு" என்றார், காட்ட வந்திருக்கிறேன் என்றேன்.

"பெட்டி எங்க?" என்றார் போடியார்.

"வீட்டில. அசைச்சா கலங்கும். நீங்கதான் வரோணும்."

"பேப்பர்காரர் கூட்டத்தையே நடத்திக்கொண்டு போறார்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஆனால் வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது.

நான் பெட்டிக்குப் பின்னால் நெல்விலை போட்ட தாளைத்தான் ஒட்டியிருந்தேன். போடியார் ஆவலாக வாசிப்பார் என்று ஒரு கணக்கு. காலையில் பூமணி அதை மாற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. போடியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்பது மீனும் அவர் முகத்துக்கு முன்னால் போய் வந்தன. அவர் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"போடியார் தண்ணிய வாசிக்கிறார், கேளுங்க!" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

போடியார் வாசித்துக்கொண்டே போனார். முதலில் உன் பெயர். பிறகு உன் வயது. பிறகு சுகாதாரப் பரிசோதகர். பிறகு காய்ச்சல். பொடி எழுத்து, நாலு வரி. சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரியாது. மீன் ஒன்று உன் பெயரின்மேல் கொஞ்ச நேரம் நின்றது, அவர் அது விலகும்வரை காத்திருந்து மறுபடி வாசித்தார்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. பூமணியைப் பார்த்துக் கேட்டார்: "எங்கட கிணத்துக்கு எத்தன விடோணும், மகள்?"

"ஆறு" என்றாள் உன் அக்கா. நீ அடுப்படியில் உட்கார்ந்து பேசியதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். எல்லாரும் சம்மதிக்கவில்லை. கோயில் கிணற்றுக்கு ஐயர் தவணை கேட்டிருக்கிறார். நாலு வீட்டார் "மறுகா பாப்பம்" என்றார்கள். மற்றவர்கள் வாய்க்காலில் வலை போட்டுப் பொட்டுமீன் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். போடியார் கிணற்றில் ஆறுக்குப் பதில் எட்டு விட்டாராம், ஊரில் பெரிய கிணறு அவருடையதாம்.

ஆனால் முதலில் மீன் விட்டது நம் கிணற்றில்தான். கூட்டம் கலைந்த கையோடு, பொழுது சாய்வதற்கு முன், நானே பெட்டியிலிருந்து வலையில் அள்ளி விட்டேன். நீ கேட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் பிந்தி. அன்றைக்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். இந்தக் கேள்வியோடுதான் நான் இனி இருக்க வேண்டும். இருக்கிறேன்.

மாரி இன்னும் ஒரு மாதத்தில் வந்துவிடும். ஒன்று சொல்கிறேன், மச்சான், ஊரார் கேட்கவே சொல்கிறேன். ஒவ்வொரு கிணற்றையும் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். மாரி முடிந்ததும் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு நானே நடந்து போய் விசாரித்து எழுதுவேன். குறைந்திருந்தால் குறைந்தது என்று எழுதுவேன். குறையாவிட்டாலும் அதையே எழுதுவேன், உனக்காக ஒரு எழுத்தையும் கூட்டிக் குறைக்க மாட்டேன், நீயும் அதை விரும்பமாட்டாய். ஆனால் நான் எந்தப் பக்கமும் இல்லை என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்பவர்களை நம் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன்.

உன் அக்கா பூமணியைக் கட்டிய,
உன் கேள்விக்கு ஒரு வருஷம் பிந்தி ஓம் சொன்ன மச்சான்,
கந்தப்பன்